டெல்லிக்குப் போன இருமல்

வியாழக்கிழமை மூன்றரை மணிக்குப் பாப்பம்மா மாடிப்படி ஏறி வரும் சத்தம் கேட்டதும் நிக்கோல் ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்தாள். கழற்றிய பிறகும் காதுக்குள் இருமல் நிற்கவில்லை. ஒரு மாதமாகவே இப்படித்தான். மார்க்கெட்டில் கத்தரிக்காய் பொறுக்கும்போது, சர்ச்சில் முழந்தாளிடும்போது, முதுகுக்குப் பின்னால் யாரோ மூச்சை இழுப்பார்கள், அது பாதியில் சிக்கும், மறுபடி இழுப்பார்கள். திரும்பிப் பார்த்தால் யாரும் இருக்கமாட்டார்கள்.

ராபர்ட்சன்பேட்டையில் ஒரு துணிக்கடைக்கு மேலே இருந்த இரண்டு அறைகள்தாம் அந்த வானொலி நிலையம். பத்துக் கிலோமீட்டர் தாண்டினால் கேட்காது. மைக், டிரான்ஸ்மிட்டர், நிக்கோலின் சம்பளம் எல்லாமே பெங்களூரில் இருக்கும் ஓர் அறக்கட்டளை தருவது. இந்த மாதிரிச் சின்ன வானொலிகள் சொந்தமாகச் செய்தி சொல்லக் கூடாது என்பது அரசாங்க விதி. பாட்டுப் போடலாம், குழம்பு வைக்கச் சொல்லித் தரலாம், பிரஷர் மாத்திரையை மறக்காதீர்கள் என்று சொல்லலாம். ஊரில் என்ன நடந்தது என்று மட்டும் சொல்லக் கூடாது. அந்த விதியை மாற்ற வேண்டும் என்றுதான் அறக்கட்டளை இங்கே வந்தது. டெல்லியில் ஒரு கமிட்டியின் முன்னால் வைக்க அவர்களுக்கு ஊர்க்காரர்களின் குரல்கள் தேவைப்பட்டன.

அப்படித்தான் பாப்பம்மாவின் கணவர் சுந்தரராஜின் குரலை நிக்கோல் பதிவு செய்தாள். நந்திதுர்க் தங்கச் சுரங்கத்தில் இருபத்தாறு வருஷம் பாறையில் துளை போடும் டிரில்லராக இருந்தவர். நுரையீரல் முழுக்கக் கல்தூசு. தன் லைனில், அந்த ஒரு வரிசை வீடுகளில் மட்டும், இருமி இருமியே செத்துப்போன பதினாலு பேரின் பெயர்களைச் சொன்னார். யார் எந்த ஷிப்ட், எத்தனை அடி ஆழத்து லெவல் என்பதெல்லாம் அவருக்கு மறக்கவே இல்லை. பாதி பேச்சு, பாதி இருமல் என்று ஒரு மணி நேரம் ஆயிற்று. முடிந்ததும் சட்டைப் பித்தானைப் போட்டுக்கொண்டே, “இருமல மட்டும் எடுத்துடும்மா. கேக்கறவங்க இன்னா நெனப்பாங்க” என்றார். எடுத்துவிடுகிறேன் என்று நிக்கோல் வாக்குக் கொடுத்தாள். மூன்று நாள் உட்கார்ந்து ஒவ்வொன்றாக வெட்டி எடுத்தாள்.

அறக்கட்டளை அதிகாரி விநாயக்குக்கு அது பிடிக்கவில்லை. அவரும் இந்த ஊரில் தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸில் வளர்ந்தவர்தான். “யாரோ எழுதிவெச்சுப் படிக்கிற மாதிரி இருக்கு நிக்கோல். ஒரிஜினல அனுப்புங்க. கமிட்டிக்கிட்ட அந்த இருமல்தான் பேசும்” என்றார். அவள் ஒரு நாள் தள்ளிப்போட்டாள். பிறகு அனுப்பிவிட்டாள்.

டெல்லியில் நாற்பது விநாடி போட்டுக் காட்டினார்களாம். ஓர் அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டாராம். ஆனால் ஊரில் ஒலிபரப்ப வேண்டாம் என்று விநாயக் சொல்லிவிட்டார்.

“செத்தவங்க பேரு செய்தியாங்க சார்?”

“பேரு இல்லம்மா. இத்தனை பேரு செத்தாங்க, இதனாலன்னு சொன்னா செய்திதான். இப்ப உங்க லைசென்சுக்கு ஒண்ணு ஆச்சுன்னா மத்த ஸ்டேஷன் எல்லாத்துக்கும் கதவு மூடிடும். விதிய மாத்தி ஆர்டர் வரட்டும். அப்புறம் தினமும் போடுங்க.”

அவர் சொன்னதில் பொய் இல்லை. அதுதான் அவளுக்குத் தாங்க முடியாமல் இருந்தது. ஆர்டர் வரவில்லை. போன மாதம் சுந்தரராஜ் இறந்துபோனார்.

பாப்பம்மா நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து மூச்சு வாங்கினாள்.

“வாராவாரம் வியாழக்கெழம நாலு மணிக்கு ரேடியோவ மார்மேல வெச்சுக்கினு படுத்துங்கெடப்பாரு. இன்னிக்கி என் கொரலு வரும் பாருடின்னுவாரு. எனக்காச்சும் போட்டுக் காட்டு கண்ணு.”

நிக்கோல் தான் வெட்டிச் சுத்தம் செய்ததைப் போட்டாள். பாப்பம்மா தலையைச் சாய்த்துக் கேட்டாள். இரண்டு நிமிஷம் போயிருக்கும்.

“யாரு இது?”

“பெரிப்பாதான், பெரிம்மா.”

“கொரலு அவுருதுதான். ஆனா மூச்சே உடாம பேசறாரே. பதினோரு வருசமா இருமிக்கினே எங்கூடப் படுத்துங்கெடந்த மனுசன் இவுரு இல்ல.”

அதற்கு மேல் நிக்கோலால் மறைக்க முடியவில்லை. அவர் கேட்டுக்கொண்டது, தான் கொடுத்த வாக்கு, பிறகு அனுப்பி வைத்தது எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லும்போது பாப்பம்மாவின் முகத்தைப் பார்க்காமல் மேசையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பாப்பம்மா திட்டவில்லை.

“டெல்லியில கேட்டவங்க காதுல யாரு பேரு உழுந்துச்சி?”

நிக்கோலுக்கு அப்போதுதான் அது உறைத்தது. அந்த நாற்பது விநாடியில் இருந்தது இருமலும் அரை வாக்கியமும்தான்.

“யாரு பேரும் வரல, பெரிம்மா.”

“அந்தப் பேருங்களுக்காகத்தானே அவுரு வாயத் தொறந்தாரு.”

நாலு மணி நிகழ்ச்சிக்கு ஐந்து நிமிஷம் இருந்தது. ஓடிக்கொண்டிருந்த பாட்டு முடியப்போகிறது. லைசென்ஸ், விநாயக்கின் குரல், மற்ற ஊர்களில் தன்னைப் போலவே மைக்கின் முன்னால் உட்கார்ந்திருக்கும் பெண்கள் எல்லாம் நிக்கோலின் மனதில் வந்து நின்றன.

“முழுசாப் போட்டா இருமலும் வரும். அவரு வேணாம்னாரு.”

“உசுரோட இருந்தாரு, வெக்கப்பட்டாரு. இனிமே இன்னா?”

நிக்கோல் மைக்கைத் திறந்தாள். “இவர் சுந்தரராஜ்” என்பதோடு நிறுத்திக்கொண்டு, வெட்டாத பதிவை ஓடவிட்டாள்.

முதல் பெயர் மாணிக்கராஜ். அடுத்தது கிளாரன்ஸ். கீழே துணிக்கடையின் ரேடியோவிலிருந்தும் அதே குரல் மேலே ஏறி வந்தது. விலை கேட்டுக்கொண்டிருந்த சத்தமெல்லாம் அடங்கிப்போயிற்று. மேசையில் போன் ஒளிர்ந்தது, அணைந்தது, மறுபடி ஒளிர்ந்தது. யாருடைய நம்பர் என்று அவள் பார்க்கவில்லை.

மூன்றாவது பெயரின் நடுவில் சுந்தரராஜுக்கு மூச்சு சிக்கியது. பாப்பம்மா சட்டென்று எழுந்து ஸ்பீக்கர் பெட்டியின் அருகே போனாள். வலது உள்ளங்கையை அதன் மேல் வைத்து, மேலிருந்து கீழே, மெதுவாகத் தடவிக் கொடுக்க ஆரம்பித்தாள்.