இருநூற்றெழுபது குதிரை

...அப்படியென்றால் இருநூற்றெழுபது, இருநூற்றறுபது இல்லை, தராசு முள் நடுங்குகிறது, நடுங்கட்டும், கீழே எங்கே நிற்கிறது, மேலே எங்கே நிற்கிறது, நடுவில் எடுத்தால் இருநூற்றெழுபது குதிரைச் சக்தி சுத்தமாக வருகிறது. யுத்தம் முடிந்து பட்டாளச் சாமான் விற்ற டிஸ்போசல் ஏலத்தில் இந்தப் படகு எஞ்சின் வந்தபோது தகட்டில் நூற்றெழுபது என்று அடித்திருந்தது, அதுவும் புதிதாக இருந்த காலத்துக் கணக்கு. மீதி நூறு குதிரை யார் கொடுத்தது? நான்தான், சின்னப்பா, மர்ஃபி டவுன், எட்டாம் வகுப்பு ஃபெயில். அல்சூர் ஷெட்டின் தகரக்கூரை அதிர்கிறது, இழுப்பை அளக்க எஞ்சினின் வாலில் பாரமாகப் பூட்டிய தண்ணீர் டிரம்மின் கை, மண்டிக்கடைத் தராசை இழுத்துக்கொண்டு நிற்கிறது, எட்டு சிலிண்டரும் ஒரே குரலில் பாடுகின்றன, திருப்புளியின் முனையை எஞ்சின் பிளாக்கில் வைத்துப் பிடியைக் காதில் ஒட்டிக்கொண்டால் ஒவ்வொன்றும் தனித்தனியாகக் கேட்கிறது, மூன்றாவது கொஞ்சம் சத்தமாக, அது அப்படித்தான், பிறவிக் குணம். இன்னும் நாலு நிமிஷம். பத்து நிமிஷம் முழு இழுப்பில் ஓடினால்தான் சர்டிபிகேட் என்று வெங்கடராமன் சார் சொல்லிவிட்டார், எஞ்சினியரிங் காலேஜில் பாடம் நடத்துகிறவர், படகுப் பந்தயக் கமிட்டிக்குப் படித்தவர் ஒருவரின் கையெழுத்து வேண்டுமாம். ஓடும் சார், பத்து என்ன, நாற்பது நிமிஷம் ஓடும்.

போன வாரம் இதே மனிதர் கணக்குப் போடுகிற ஸ்லைடு ரூலை இழுத்து இழுத்துப் பார்த்து, இருநூற்று நாற்பதுக்கு மேல் ஒரு குதிரை போகாது என்று எழுதிக் கொடுத்தாரே, நான் வாயைத் திறந்தேனா? ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு லேத்துக்குப் போனேன். எஞ்சின் தானாக இழுக்கிற காற்று போதாது, அதன் வாயில் அடித்துத் திணிக்க வேண்டும், அதற்குத்தான் டீசல் ஜெனரேட்டரில் கிடந்த ப்ளோயரைக் கழற்றி இதன் தலையில் உட்கார வைத்தது. அதைச் சுற்றுகிற பெல்ட்டின் புல்லி சின்னதானால் ப்ளோயர் வேகமாகச் சுற்றும், காற்று கூடும், குதிரை கூடும், அளவு மீறினால் உள்ளே தட்டல் வந்துவிடும், பிஸ்டன் ஓட்டையாகும். எவ்வளவு சின்னது? எந்தப் புத்தகத்திலும் இல்லை. ஒன்றைவிட ஒன்று சின்னதாக ஆறு புல்லி கடைந்தேன். ஆறாவதைப் போட்டதும் திருப்புளி வழியே ஜல்லி உடைக்கிற சத்தம், உடனே நிறுத்தி, ஒரு நூல் பெரிய ஐந்தாவதைப் போட்டேன், சத்தம் துடைத்தாற்போலப் போய்விட்டது. மயிரிழை. அந்த மயிரிழையில் நிறுத்தத் தெரிந்தவன் இந்த பெங்களூரில் எத்தனை பேர் இருக்கிறார்கள்? பெருமை அடிக்கிறேன் என்றால் அடிக்கிறேன், இன்றைக்கு அடிக்காமல் வேறு என்றைக்கு அடிப்பது.

பத்து நிமிஷம். த்ராட்டிலை இறக்கி, சாவியை அணைத்தேன். திடீரென்று வந்த அமைதியில் காது இரைகிறது. முதலாளி டென்சில் சார் தொப்பியைக் கழற்றினார், அவர் தம்பி நோயல் என்னைக் கட்டிக்கொண்டான், அடுத்த ஞாயிறு மங்களூர்க் கடலில் இந்த எஞ்சினுக்கு ஒரு முழம் முன்னால் உட்கார்ந்து படகு ஓட்டப்போகிறவன் அவன்தான், என் கிரீஸெல்லாம் அவன் வெள்ளைச் சட்டையில். வெங்கடராமன் சார் என்ன சொல்லப்போகிறார்? அவர் பெரிய மனிதர், சட்டென்று சொல்லிவிட்டார். "ஒத்துக்கறேன் சின்னப்பா, என் கணக்கு தப்பு." என்னைப் பெற்றவள் கேட்டிருக்க வேண்டும். சிரிப்பை அடக்க முடியாமல் பழந்துணியை எடுத்துக் கையைத் துடைத்துக்கொண்டேன். அவர் ஃபாரத்தைப் பூர்த்தி செய்துகொண்டே, சுவரில் மாட்டியிருந்த பாரோமீட்டரைப் பார்த்து, இதையும் எழுதணும், காத்தோட அழுத்தம், இருபத்தேழு அங்குலம் என்றார். எனக்கு வாய் சும்மா இருக்குமா? "எப்பவும் அவ்ளோதானா சார்?" என்றேன். "இங்க அவ்வளவுதான். கடலோரம்னா முப்பது இருக்கும். நாம மூவாயிரம் அடி உசரத்துல இருக்கோமோன்னோ," என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டத்துக்குப் போய்விட்டார்.

முப்பது. இங்கே இருபத்தேழு. அப்படியென்றால் இது ஒன்பது மூச்சு இழுக்கிற இடத்தில் மங்களூரில் பத்து... ப்ளோயருக்கு என்ன தெரியும், வாயில் வருவதைத் திணிக்கும், அங்கே கனமான காற்று வரும், கனமாகத் திணிக்கும். ஆறாவது புல்லியின் சத்தம் ஐந்தாவதிலேயே வந்துவிடும், அதற்கு மேலும் போகும். எத்தனை எஸ்டேட் துரைகளின் கார்களுக்கு, ஊட்டி மேட்டில் காற்று குறைச்சல் என்று கார்புரேட்டரில் பெட்ரோல் ஜெட் மாற்றிக் கொடுத்திருக்கிறேன், இந்த ஊரே ஒரு மேடு என்று ஒருநாளாவது தோன்றியதா? பிறந்ததிலிருந்து இழுக்கிற காற்று, இதுதான் முழுக் காற்று என்று நினைத்துவிட்டேன். எட்டு பிஸ்டன். உருகினால் எந்தப் பக்கம் வெடிக்கும்? முன்னால் நோயல். சரி, பெரிய புல்லி போட்டால் தீர்ந்தது, மூன்றாவதைப் போடலாம், மங்களூரில் இதே இருநூற்றெழுபது வரும். ஆனால் இங்கே, இந்தத் தராசில்? மனக்கணக்குப் போட்டேன். இருநூற்று நாற்பது. மறுபடி ஓட்டி, மறுபடி எழுதி, அவர் ஸ்லைடு ரூலைப் பார்த்துச் சிரிப்பார். சிரிக்க மாட்டார், நல்லவர், அதுதான் இன்னும் மோசம்.

டீ வந்தது, பன் வந்தது. பெங்களூரிலேயே, இல்லை, இந்தியாவிலேயே, என்று டென்சில் சார் ஆரம்பித்துவிட்டார், பம்பாய்க்காரன் படகு நம் நுரையைத்தான் பார்க்கும் என்றார். பந்தயம் எட்டு நிமிஷம்தானே, எட்டு நிமிஷம் தாங்காதா? கடல் தண்ணீர் எஞ்சினைக் குளிர்வித்துக்கொண்டே இருக்குமே? அன்றைக்கு மழை பெய்தால் பாரோமீட்டர் இறங்குமே? கையெழுத்துகள் போட்டாயிற்று, தாளில் என் பெயரும் இருக்கிறது, கட்டமைத்தவர் சின்னப்பா, எவ்வளவு அழகான எழுத்து அவருக்கு. இரண்டாவது டீயும் குடித்தேன். நோயல் அவன் கல்யாணத்துக்குப் பார்த்திருக்கும் பெண்ணைப் பற்றி ஏதோ சொன்னான், நானும் ஏதோ சொன்னேன்.

பிறகுதான் சொன்னேன். "சார், இந்தப் புல்லி ஆவாது. கழட்டணும். அங்க போனா பிஸ்டன் போயிடும்." டென்சில் சார் கோப்பையைக் கீழே வைத்தார். "என்ன மேன், இப்பதானே இருநூத்தெழுபது காட்டுச்சு?" "இங்க காட்டுச்சு சார். இங்க காத்து லேசு." வெங்கடராமன் சார் பேனாவை மூடப்போன கையை நிறுத்தி என்னைப் பார்த்தார், அவருக்குப் புரிந்துவிட்டது, அடடா, எனக்கும் தோணலையே என்றார். நோயல், சின்னப்பா சொன்னா சரியாத்தான் இருக்கும் என்று தானே போய் ஸ்பேனரை எடுத்து வந்தான். ஆமாம், இதுவும் பெருமைதான், வேறு யாருக்காவது இந்த வார்த்தை அவனிடமிருந்து வருமா, என்று நினைத்துக்கொண்டே புல்லிப் பக்கம் குனிந்து, பிடிமானத்துக்காக இடது கையை சிலிண்டர் ஹெட்டின் மேல் ஊன்றினேன். அத்தனை கன இரும்பு, முழு இழுப்பில் ஓடிய எஞ்சின், தொட்டால் தோல் உரிந்திருக்க வேண்டும். சுடவில்லை. பிடித்துக்கொண்டு நிற்கிற சூடுதான் இருந்தது. அவ்வளவு நேரமா நான் பேசாமல் உட்கார்ந்திருந்தேன்?