இரண்டு சென்டிமீட்டர் தள்ளி

மலையேறுபவர்களுக்கான வரைபடங்கள் அச்சிடும் நிறுவனத்தில் பதினோரு வருடமாகப் படம் வரைகிறேன். எழுத்தின் மேல் ஒரு கோடு ஏறினாலும் எனக்குப் பொறுக்காது. இந்தக் குணத்துக்காகத்தான் சம்பளமே தருகிறார்கள் என்று நினைத்திருந்தேன். அந்தச் சனிக்கிழமை காலை, அலுவலகத்தில் மூலத் தாளை எடுத்து அச்சான படத்தின் பக்கத்தில் வைத்தபோதுதான் நான் செய்த தப்பு கண்ணில் பட்டது.

மலைமேல் இருக்கும் இரண்டாவது கூடாரத் திடலுக்குக் கிழக்கே ஒரு சுனை உண்டு. எங்கள் படத்தில் சுனை என்றால் நீலத் துளி. மூலத் தாளில் அந்தத் துளி, 'கூடாரத் திடல்' என்ற எழுத்துகள் விழ வேண்டிய இடத்திலேயே இருந்தது. எழுத்தை மறைக்கிறதே என்று இரண்டு சென்டிமீட்டர் இடப்பக்கம் தள்ளி வைத்திருக்கிறேன். பிறகு பழைய இடத்துக்கே மாற்ற மறந்து போயிருக்கிறேன். படத்தில் இரண்டு சென்டிமீட்டர் என்றால் தரையில் ஒரு கிலோமீட்டர். துளி முகட்டைத் தாண்டி, சொட்டுத் தண்ணீர் இல்லாத மேற்குச் சரிவில் போய் உட்கார்ந்திருந்தது.

அந்தப் படத்தை எடுத்துக்கொண்டுதான் முந்தின நாள் என் கணவரும் மாமனாரும் மலையேறியிருந்தார்கள். மாமனாருக்குச் சிறுநீரகக் கல் எடுத்து மூன்று மாதம். எங்கே வேண்டுமானாலும் நடக்கலாம், ஆனால் மணிக்கொரு டம்ளர் தண்ணீர் உள்ளே போகாவிட்டால் மறுபடி வலிதான் என்று டாக்டர் மிரட்டியிருந்தார். "பக்கத்துலயே சுனை இருக்கு. எதுக்கு அஞ்சு லிட்டரைச் சுமந்து முதுகை ஒடிச்சுக்கறீங்க?" என்று பையிலிருந்த கேனை எடுத்து வெளியே வைத்தவள் நான்தான். என் வாய் சும்மா இருந்திருக்கலாம்.

மேலே போன் கிடைக்காது. மேனேஜரிடம் சொல்லிவிட்டு நாத்தனாரைக் கூப்பிட்டேன். கார் ஓட்டக் கற்றுத்தரும் பள்ளி நடத்துகிறவர். சிவப்பில் 'எல்' எழுதிய காரிலேயே வந்து நின்றார். வழியில் எல்லாவற்றையும் சொன்னேன்.

"எத்தனை மேப் வெளியில போயிருக்கு?" என்று கேட்டார்.

"இந்த வாரம்தான் கடைக்குப் போச்சு, அக்கா. மேனேஜர் ஒவ்வொரு கடையா கூப்பிட்டு நிறுத்தச் சொல்லிட்டிருக்காரு."

"சரி. முதல்ல எங்க அப்பாவைப் பார்ப்போம்."

ஆளுக்கு ஐந்து லிட்டர் தூக்கிக்கொண்டு மூன்றரை மணி நேரம் ஏறினோம். திடலில் கூடாரம் நின்றது. ஜிப்பைத் திறந்தால் உள்ளே இரண்டு போர்வைகள்தான். நாத்தனார் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அவர் முகத்தை அப்படி நான் அதற்குமுன் பார்த்ததில்லை.

"நீ துளி போட்ட இடத்துலதான் தேடிட்டு இருப்பாங்க," என்று எழுந்தார்.

மேற்கே ஓடினோம். வெறும் பாறை. புழுதியில் இரண்டு ஜோடிக் காலடித் தடங்கள் சுற்றிச் சுற்றி வந்துவிட்டு, வந்த வழியே திரும்பியிருந்தன. சரியான இடம் கிழக்கே, அங்கே போய்ப் பார்ப்போம் என்று நாத்தனாரை இழுத்துக்கொண்டு நடந்தேன். திடலைத் தாண்டிச் சிறிது தூரம் போயிருப்போம். கீழே புதருக்குப் பின்னாலிருந்து பயங்கரமாக ஒரு சத்தம் வந்தது.

மாமனார் வாய் கொப்பளிக்கும் சத்தம். வீட்டில் தெருவையே எழுப்பும் அதே சத்தம். குடிக்கத் தண்ணீர் இல்லாத மனிதர் கொப்பளிக்க மாட்டார். போன உயிர் திரும்பி வந்தது. நாத்தனார் என் கையைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார், நிறுத்தவே முடியவில்லை.

பாறை இடுக்கிலிருந்து விரல் கனத்துக்குத் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. கணவர் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார்.

"கேனோட வேற வந்திருக்கீங்களா?" என்றார்.

"மேப்ல தப்பாப் போட்டுட்டேன்," என்றேன். "எப்படிங்க கண்டுபிடிச்சீங்க?"

"அங்க போய்ப் பார்த்தோம், காய்ஞ்சு கிடந்துச்சு. இல்லாத சுனையை நீ வரையமாட்ட. அப்ப எங்கேயோ தள்ளி வெச்சிருக்கன்னு தோணுச்சு. காலண்டரை மறைக்குதுன்னு கடிகாரத்தைக் கொண்டுபோய் சமையலறையில மாட்டினவதானே நீ. மேப்பைப் பார்த்தேன். துளி மறைக்கற மாதிரி பக்கத்துல இருந்தது 'கூடாரத் திடல்'ங்கற எழுத்துதான். அந்த எழுத்து தரையில எங்க வருமோ, அங்க முதல் எழுத்துலேர்ந்து நடந்தோம்."

"'தி' கிட்ட வந்தப்போ ஷூவுல சேறு ஒட்டுச்சும்மா," என்றார் மாமனார். "நேத்து அப்ப இன்னும் இருட்டக்கூட இல்லை."

அங்கேயே, நாத்தனார் முன்னாலேயே, விசும்பி அழுதேன். கல்யாணமாகிப் பன்னிரண்டு வருடமாக இந்த மனிதர் என் தொல்லையைப் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துப் போகிறார் என்றுதான் நினைத்திருந்தேன். அவரோ நான் எதை எங்கே தள்ளி வைப்பேன் என்பதுவரை தெரிந்து வைத்திருந்தார். கழுவிய டம்ளரில் தண்ணீர் பிடித்து அவரே என்னிடம் நீட்டினார். ஒரே மூச்சில் குடித்துவிட்டு இன்னொரு டம்ளர் கேட்டேன்.