நாற்பத்து மூன்று மீன்களும் ஒரு கால் கட்டைவிரலும்

எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசைக்கு நான்கு கால்களும் நலமாக இருந்தன. மேல்பலகைதான் இல்லை. பதினைந்து நாட்களாகத் தட்டை மடியில் வைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். காரணம் அக்கா.

அக்கா மரத்தில் செதுக்குவதற்கான வடிவங்களைக் கம்ப்யூட்டரில் வரைகிறாள். அவற்றை மரத்தில் குடையும் சிஎன்சி மிஷின் நான்கு தெரு தள்ளி ஒரு பட்டறையில் இருக்கிறது. அக்கா அதைத் தொட்டதுகூட இல்லை. பட்டறைக்காரர் ஒரே ஒரு வாய்ப்பு கொடுத்திருந்தார்.

"மிஷின் பக்கத்துல நின்னே பழக்கமில்லாத பொண்ணை நம்பி என் மரத்தைத் தர மாட்டேன்மா. உன் பலகையைக் கொண்டா. சரியா வந்துச்சுன்னா இனிமே இங்க டிசைன் எல்லாம் உன்னோடது. பிசகிச்சுன்னா விறகைத் தூக்கிட்டுக் கிளம்பு."

வீட்டில் நல்ல மரம் என்று சொல்ல அந்த மேசைதான் இருந்தது. பள்ளி வேன் ஓட்டும் அம்மா வேலைவிட்டு வந்ததும் ஸ்குரூ டிரைவரை எடுத்தாள். "வேற மேசை வாங்கற யோசனையே இல்ல, இப்பவே சொல்லிட்டேன்" என்றபடி பலகையைக் கழற்றி அக்காவிடம் கொடுத்தாள்.

நாற்பத்து மூன்று மீன்கள் ஒரே பக்கமாக நீந்திப் போகின்றன. அதுதான் வடிவம். ஒரு மீன்போல இன்னொன்று இல்லை. கடைசி மீனுக்கு என் மூக்கு. அக்கா மறுக்கிறாள். மீனைப் பார்த்தவர்கள் யாரும் மறுக்கவில்லை.

திரையில் எத்தனை முறை வெட்டினாலும் மரம் தீராது. அக்கா அறுபது முறை வெட்டிப் பார்த்தாள். அறுபது முறையும் அழகாக வந்தது. அதன் பிறகுதான் அவளுக்குத் தூக்கம் போனது.

"ஸ்க்ரீன்ல பலகை அந்தரத்துல மிதக்குதுடா. நிஜத்துல அதை ஏதாவது பிடிச்சுக்கணும்ல?"

பிடித்துக்கொள்வது கிளாம்ப் என்கிற இரும்புப் பிடி. அதை அளந்துவர என்னை அனுப்பினாள். வேவு பார்க்க வந்த ஆள் என்று நினைத்துவிடுவார்களோ என்று பயந்து, பட்டறைக்காரரிடம் கதவு ஒன்று செய்ய எத்தனை நாளாகும் என்று விசாரித்தேன். அவர் மர வகைகளை விளக்கிக்கொண்டிருந்த நேரத்தில் கிளாம்ப் ஓரமாக ஸ்கேலை நிறுத்தினேன். பலகைக்கு மேல் முப்பத்திரண்டு மில்லிமீட்டர். ஆறு கிளாம்ப். எந்தெந்த இடம் என்பதையும் குறித்துவந்தேன்.

மறுநாள் கூடத்துத் தரையில் சாக்பீஸால் பெரிய பலகை ஒன்று முளைத்தது. கிளாம்ப்புக்குப் பதிலாக ஆறு இடத்தில் செங்கல்.

"நீதான் பிட்" என்றாள் அக்கா.

"எது?"

"மரத்தைக் குடையற கத்தி. நான் சொல்ற இடத்துக்கு நட. நான் சொல்ற நம்பர், அடுத்த மீனுக்குப் போறப்ப பிட் பலகைக்கு மேல எத்தனை மில்லிமீட்டர் தூக்குதுங்கறது. அஞ்சுன்னா காலைத் தரையோட இழு. நாப்பதுன்னா முட்டி வரைக்கும் தூக்கு. யோசிக்காத."

"அதுக்குத்தான் என்னைத் தேர்ந்தெடுத்தியா?"

"மிஷின் யோசிக்காதுடா. உன்னைவிடப் பொருத்தமான ஆள் கிடைக்கல."

பதினேழு மீன்கள் வரை சிறப்பாக நடந்தேன். பதினேழாவதிலிருந்து பதினெட்டாவதுக்கு "அஞ்சு" என்றாள். காலை இழுத்தேன். செங்கல் இருந்த இடத்திலேயே இருந்தது. என் கட்டைவிரல் நகம் இல்லை.

நான் அலறினேன். அக்கா கைதட்டினாள்.

"கிடைச்சிருச்சு! அம்மா, தப்பு கிடைச்சிருச்சு!"

"அவனுக்கு ரத்தம் வருதுடி."

"பிட் உடைஞ்சிருக்கும்மா. பலகையும் போயிருக்கும்!"

என் காலுக்குக் கட்டுப் போட்டது அம்மா. அக்கா கம்ப்யூட்டரில் அந்த ஐந்தை நாற்பது ஆக்கிக்கொண்டிருந்தாள். பிறகு மிச்ச மீன்களையும் என்னை நடக்கவைத்தாள், நொண்டியபடி. இன்னும் இரண்டு ஐந்துகள் நாற்பதாயின.

பட்டறை நாள் வந்தது. டிசைன் பென் டிரைவிலிருந்து மிஷினில் ஏறியது. பலகையை ஆறு கிளாம்ப் பிடித்துக்கொண்டது. மிஷின் கிளம்பியதும் மரத்தூள் பறந்தது. முதல் மீன் பலகையிலிருந்து எழுந்தபோது அம்மா வேன் சாவியை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

பதினேழாவது மீன் முடிந்தது. பிட் நேராகக் கிளாம்ப்பை நோக்கித் திரும்பியது. பட்டறைக்காரரின் கை சிவப்புப் பொத்தானுக்குப் போனது.

"இடிக்கப் போகுது!"

"தொடாதீங்க" என்றாள் அக்கா. "அங்க தூக்கும்."

"இருபது வருஷமா இதைப் பாக்கறேன்மா..."

"உங்க கிளாம்ப் முப்பத்திரண்டு. நான் நாப்பது தூக்கியிருக்கேன். கையை எடுங்க அண்ணா."

பிட் சட்டென எழும்பி, கிளாம்ப்புக்கு எட்டு மில்லிமீட்டர் மேலே தாண்டி, பதினெட்டாவது மீனில் இறங்கியது. கட்டைவிரல் எனக்கு விண்ணென்று தெறித்தது. பெருமையில்தான் என்று நினைக்கிறேன்.

நாற்பத்து மூன்றாவதும் முடிந்ததும் பட்டறைக்காரர் தூளை ஊதிவிட்டு ஒவ்வொரு மீனாகத் தடவிப் பார்த்தார். என் மூக்கைக் கொஞ்சம் கூடுதலாகவே தடவினார்.

"மிஷினே இல்லாம வீட்ல உக்காந்தா இதைச் செஞ்ச?"

"தம்பி இருந்தான்" என்றாள் அக்கா.

"திங்கக்கிழமை வந்துடும்மா. மூணு வேலை காத்திருக்கு." பிறகு என்னை உற்றுப் பார்த்தார். "நீ கதவு விசாரிச்ச பையன்தானே? கதவு எப்ப வேணும்?"

அம்மா பலகையை மறுபடி மேசையில் பூட்டிவிட்டாள். ஆனால் அதன்மேல் யாரையும் தட்டு வைக்க விடுவதில்லை. இன்னமும் மடியில் வைத்துத்தான் சாப்பிடுகிறோம். வீட்டுக்கு வருபவர்களுக்கு அம்மா மீன்களைக் காட்டுகிறாள். நான் கட்டைவிரலைக் காட்டுகிறேன்.