மூக்கில் நிற்காத கண்ணாடி

"குனிஞ்சா விழுதுடி" என்றாள் அக்கா.

நான் செய்து கூரியரில் அனுப்பிய கண்ணாடியைத்தான் சொன்னாள். அப்போது கடையில் ஒருவருக்குக் காதுக் கம்பியை வளைத்துக்கொண்டிருந்தேன். போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கியபடி, "அப்ப குனியாம நிமிந்து உக்காரு" என்றேன். எதிரே இருந்த வாடிக்கையாளர் தன்னைத்தான் சொல்கிறேன் என்று நினைத்து நிமிர்ந்து உட்கார்ந்தார்.

நான் செய்த கண்ணாடி விழுகிறது என்று யாராவது சொன்னால் எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். கண்ணைச் சோதித்துப் பவர் எழுதித் தருவது டாக்டர். லென்ஸை அறுப்பது மெஷின். ஆனால் அது மூக்கில் உட்கார்ந்து, காதைக் கடிக்காமல், குனிந்தால் நழுவாமல் நிற்க வேண்டுமே, அது என் வேலை. எங்கள் கடைக்குக் கண்ணாடியோடு வருகிறவர்களில் பாதிப்பேர் வேறு கடையில் வாங்கியவர்கள். அங்கே வாங்கிவிட்டு இங்கே வந்து சரிசெய்துகொண்டு போவார்கள். எங்கள் முதலாளி இதற்காக முனகுவார். நான் காதில் போட்டுக்கொள்வதில்லை.

அக்காவின் முகத்தை நான் அளந்ததே கிடையாது. எதற்கு அளக்க வேண்டும்? அவளுக்கு இடது காது வலது காதைவிட ஒரு நூல் மேலே. மூக்கில் பாதியில் ஒரு சின்ன மேடு. கன்னம் உப்பலாக இருப்பதால் சிரித்தால் கண்ணாடி மேலே ஏறும். கண்ணை மூடிக்கொண்டு நான் வரைந்து காட்டுவேன். இந்த முறையும் பவரை மட்டும் போனில் கேட்டுக்கொண்டு, அவள் முகத்தை மனதில் வைத்து, கம்பியை வளைத்து அனுப்பினேன். அளவுகோலைத் தொடவில்லை. அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

"அங்க ஏதாவது கடையில குடு. ரெண்டு நிமிஷத்துல நெளிச்சுக் குடுத்துடுவாங்க."

"குடுத்தேன். அவன் நெளிச்சது இன்னும் மோசம்."

"அப்ப நானே வரணுமா?" குத்தலாகத்தான் கேட்டேன்.

 "இதுக்காகவா? பைத்தியமாடி உனக்கு? வராத" என்றாள். அதற்கப்புறம் மாடிவீட்டுக்காரர்கள் காலி செய்வது, தண்ணீர்த் தொட்டி ஒழுகுவது என்று எதையெதையோ பேசினாள். நடுவில், "காலை வண்டியில இப்பல்லாம் கூட்டமே இல்லையாம், உக்காந்துட்டே வரலாமாம்" என்றாள். பேச்சோடு பேச்சாக அது போய்விட்டது.

வீட்டில் சொன்னபோது கணவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவர் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவர். நாள் முழுக்க ஸ்டியரிங்கைப் பிடித்திருப்பவருக்குப் பயணம் என்றாலே கசப்பு. அது பற்றி அவருக்கு ஒரு கொள்கையும் உண்டு. போய்வருகிற நேரத்தைவிட அங்கே இருக்கிற நேரம் குறைவு என்றால் அந்த ஊருக்குப் போகவே கூடாது.

"போக ஆறு மணி நேரம், வர ஆறு மணி நேரம். நடுவுல மூணு மணி நேரம். அதுல ஸ்டேஷன்லேர்ந்து வீட்டுக்குப் போறதுக்கே பாதி போயிடும். இது பயணமில்லம்மா, தண்டனை."

"அக்காவப் பாக்கறது தண்டனையா?"

"அக்காவப் பாக்கப் போனா நான் ஏன் தடுக்கறேன்? லீவு போட்டு நாலு நாள் இருந்துட்டு வா. நீ போறது ஒரு கம்பிய நெளிக்க."

நியாயமான பேச்சுதான். பள்ளிக்கூடம் திறக்கிற சமயம். பிள்ளைகளை வரிசையாகக் கூட்டி வந்து கண்ணாடி போடுகிற மாதம் அது. முதலாளியிடம் லீவு என்று வாயைத் திறக்க முடியாது. வாராந்திர விடுமுறை ஒரு நாள்தான். அந்த ஒரு நாளையும் ரயிலில் கழித்துவிட்டு மறுநாள் காலையில் கடைக்கு ஓட வேண்டும். அழுக்குத் துணி வேறு மலையாகக் குவிந்து கிடந்தது.

வீடியோவில் காட்டச் சொன்னால் பார்த்துவிட்டுச் சொல்லலாம் என்று கூப்பிட்டேன். போனை எங்கோ சாய்த்து வைத்துவிட்டு எனக்கு விட்டத்தையும் மின்விசிறியையும் காட்டினாள். "மூஞ்சியக் காட்டு" என்றால், "கேமரா சரியில்லடி" என்றாள். விசிறி பளிச்சென்று தெரிந்தது. சரி, பழைய போன், அவளுக்குத் திருப்பத் தெரியவில்லை என்று விட்டுவிட்டேன்.

பாசத்தில் கிளம்பினேன் என்று சொல்ல ஆசைதான். உண்மை அதுவல்ல. ஊர்பேர் தெரியாத ஒரு கடைக்காரன் என் வேலையில் கைவைத்து நெளித்திருக்கிறான் என்பதை என்னால் பொறுக்க முடியவில்லை. இரண்டு குறடு, ஒரு குட்டி ஸ்க்ரூடிரைவர், மூக்கில் பதியும் ரப்பர் துண்டுகள் ஒரு ஜோடி, எல்லாவற்றையும் துணியில் சுற்றிக் கைப்பையில் போட்டுக்கொண்டேன். கணவர் முணுமுணுத்துக்கொண்டே ஸ்டேஷனில் கொண்டுவந்து விட்டார். தண்ணீர் பாட்டிலும் அவர்தான் வாங்கித் தந்தார்.

வண்டி பாதி வழியில் நின்றது. முன்னால் ஏதோ பாதை வேலையாம். வெளியே ஒரு வறண்ட மைதானமும் அதில் மேயாமல் நிற்கும் இரண்டு மாடுகளும்தான். எதிர் இருக்கையில் என் வயதுப் பெண் ஒருத்தி. எதற்காகப் போகிறேன் என்று கேட்டதற்கு வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். உடனே தன் கண்ணாடியைக் கழற்றி நீட்டி, "இதையும் கொஞ்சம் பாருங்களேன், ஒரு பக்கமா சாயுது" என்றாள். வண்டி நிற்கிற நேரத்தில் அதைச் சரிசெய்து மாட்டிவிட்டேன். தலையைக் குனியச் சொன்னேன், ஆட்டச் சொன்னேன். நின்றது.

"இவ்வளவுதானா? இதுக்கா இத்தனை தூரம் போறீங்க?" என்று சிரித்தாள்.

வண்டி நகர்ந்து அடுத்த ஸ்டேஷனில் மறுபடி நின்றது. கணவரிடமிருந்து போன். "லேட்டுன்னு போட்டிருக்கான், பாத்தேன். அங்க போய்ச் சேந்தா உனக்கு ஒரு மணி நேரம்கூட இருக்காது. எதிர்ப் பிளாட்பாரத்துல இந்தப் பக்கம் வர்ற வண்டி நிக்குதா பாரு. பேசாம அதுல ஏறி வந்துடு."

நின்றது. படியில் ஆட்கள் ஏறிக்கொண்டிருந்தார்கள். நான் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்துவிட்டேன். மனசுக்குள் துணி துவைக்கத் தொடங்கியிருந்தேன். அப்படியே கொஞ்சம் தூங்கவும் செய்யலாம்.

எதிரில் இருந்தவள் கால்களை ஒதுக்கி வழிவிட்டாள். "உங்கக்கா திட்டுவாங்களா, வரலன்னா?"

"அவ எங்க திட்டுவா? வராதன்னுதான் சொன்னா."

சொல்லும்போதே அந்த வண்டிப் பேச்சு ஞாபகம் வந்தது. கூட்டமே இல்லையாம், உக்காந்துட்டே வரலாமாம். காலை வண்டியில் கூட்டம் இருந்தால் என்ன, இல்லாவிட்டால் அக்காவுக்கு என்ன? எங்கள் வீட்டில் வா என்று யாரும் யாரையும் கூப்பிட்டதில்லை. அம்மாவும் அப்படித்தான். சாப்பிட வா என்றுகூடச் சொல்லமாட்டாள், தட்டு வைக்கிற சத்தம்தான் கேட்கும். இன்னொன்றும் தோன்றியது. அக்கா எதைப் பற்றியும் குறை சொல்கிறவள் இல்லை. பல்லைப் பிடுங்கியபோதுகூட, "டாக்டர் நல்ல மனுஷன்" என்றாள். அப்படிப்பட்டவள் ஒரு கண்ணாடிக்காக எனக்கு நான்கு தடவை போன் செய்திருக்கிறாள். நான் பையைக் கழற்றி மடியில் வைத்து உட்கார்ந்தேன். எதிர் வண்டி முதலில் கிளம்பியது.

கதவைத் திறந்த அத்தான், "வந்துட்டியா, வந்துட்டியா" என்று இரண்டு தடவை சொன்னார். எதையும் ஒரு தடவை சொல்லவே யோசிக்கிற ஆள் அவர். திரும்புகிற வண்டிக்கு இன்னும் எவ்வளவு நேரம் என்று கேட்டு, கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு, டீ போட உள்ளே போய்விட்டார்.

அக்கா ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். திரை போட்டிருந்தது. வெளிவெயிலில் இருந்து வந்த கண்ணுக்கு அறை இருட்டாக இருந்தது. புழுக்கமான மதியத்தில் சால்வை ஒன்றைக் கழுத்துவரை சுற்றிக்கொண்டிருந்தாள்.

"ஏய் கொசு. சொன்னா கேக்கவே மாட்டியா?"

சின்ன வயதில் வைத்த பெயர். குரல் அதே குரல். அதனால்தான் ஏமாந்தேன் என்று நினைக்கிறேன். "எங்க, காட்டு உன் கடைக்காரன் பண்ணின அழக" என்று அவள் எதிரில் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். கண்ணாடியை அவள் மூக்கில் வைத்து, வழக்கம்போல இரண்டு கைகளின் விரல்களையும் அவள் காதுகளுக்குப் பின்னால் கொண்டுபோனேன்.

விரல் எலும்பில் போய் இடித்தது. நெற்றிப்பொட்டில் ஒரு குழி. அங்கே எப்போதும் மெத்தென்று இருக்கும். கம்பிக்கும் கன்னத்துக்கும் நடுவில் என் விரலே போய்வரும் அளவுக்கு இடம் இருந்தது. நான் அனுப்பிய கண்ணாடி சரியாகத்தான் இருந்தது. நான் மனதில் வைத்திருந்த முகம்தான் அங்கே இல்லை. என் கண் அதுவரை ஒப்புக்கொள்ளாமல் இருந்ததை விரல் ஒரு நொடியில் சொல்லிவிட்டது. 

"எத்தன நாளா?"

"என்ன எத்தன நாளா?"

"அக்கா."

சால்வையைச் சரிசெய்துகொண்டாள். "குடல்ல ஏதோ கட்டியாம். அடுத்த வாரம் ஆபரேஷன். எடுத்துப் பாத்தாத்தான் என்ன ஏதுன்னு சொல்லுவாங்களாம். இப்போதைக்கு ஒண்ணும் தெரியாது. உன் மூஞ்சிய அப்படி வச்சிக்காத."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா நீ கடைய விட்டுட்டு வந்து உக்காந்து அழுவ. உங்கத்தான் ஒருத்தர் அழறதையே என்னால சமாளிக்க முடியல."

சமையலறையில் டம்ளர் சத்தம் நின்றது.

"அப்ப எதுக்குக் கண்ணாடி, கண்ணாடின்னு போன் பண்ணின?"

"நிஜமாவே வழுக்குதுடி. பொய்யா சொன்னேன்?"

எனக்கு அழுகை வந்தது. அதை அவளிடம் காட்டக் கூடாது என்று எழுந்து சமையலறைக்குப் போனேன். அத்தான் அடுப்பின் முன்னால் முதுகைக் காட்டி நின்றார். நானும் அவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை. "கொஞ்சம் வெந்நி வேணும், அத்தான். கொதிக்கக் கொதிக்க" என்றேன். கடையில் சூடான காற்று அடிக்கும் மெஷின் உண்டு. இங்கே வெந்நீர்தான். கம்பியின் முனையில் இருக்கும் பிளாஸ்டிக் இளகினால்தான் உடையாமல் வளையும். அவர் பெரிய கிண்ணத்தில் ஊற்றி, துணியால் பிடித்து, தானே தூக்கி வந்து ஸ்டூலில் வைத்தார்.

முனைகளை வெந்நீரில் முக்கி எடுத்து, வளைத்து, மாட்டிப் பார்த்தேன். மூக்கு ரப்பரை மாற்றினேன். மறுபடி முக்கினேன். கொஞ்சம் வளைத்துவிட்டு நிறுத்திக்கொண்டேன்.

"இவ்ளோ போதும். கொஞ்சம் தளர்வாவே இருக்கட்டும். ஆபரேஷன் முடிஞ்சு உடம்பு தேறினதும் சரியா உக்காந்துடும்."

அக்கா குனிந்தாள். கண்ணாடி மூக்கு நுனிக்கு வந்தது. அங்கிருந்து, கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தாள்.

"தேர்ற வரைக்கும் மூக்கப் பிடிச்சிட்டே உக்காந்திருக்கச் சொல்றியா?"

"தேறினா அழுத்தும்க்கா. நெத்திப்பொட்டுல வலிக்கும்."

"இப்ப இருக்கற மூஞ்சிக்கு வைடி."

எத்தனையோ முகங்களுக்கு வைத்திருக்கிறேன். கேட்ட அளவுக்கு வைப்பதுதானே வேலை. ஆனால் அந்தக் குழிவரை கம்பியைக் கொண்டுபோனால், இதுதான் இனி இவள் முகம் என்று நானும் ஒத்துக்கொண்ட மாதிரி ஆகிவிடும் என்று பயமாக இருந்தது. கண்ணாடியைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா இருந்தேன்.

"அழுத்தினா அழுத்தட்டும். கண்ணாடி அழுத்துது, வலிக்குதுன்னு போன் பண்றேன்" என்றாள் அக்கா. பிறகு, எங்கள் வீட்டில் யாரும் கேட்காத ஒன்றைக் கேட்டாள். "அப்பவும் வருவேல்ல?"

தலையை மட்டும் ஆட்டினேன். வெந்நீர் இன்னும் ஆவி விட்டுக்கொண்டிருந்தது. முனைகளை முக்கிப் பிடித்தேன், இந்த முறை நன்றாக இளகும்வரை. எடுத்து, உள்பக்கமாக, அந்தக் குழியின் அளவுக்கு வளைத்தேன். ஈரத்தைத் துடைத்து அவளுக்கு மாட்டிவிட்டு, குனியச் சொன்னேன். தலையை ஆட்டச் சொன்னேன். நின்றது.

"வண்டிக்குக் கிளம்பணும்மா" என்றார் அத்தான், வாசலில் இருந்து.

குனிந்தபோது வெந்நீர் ஆவி பட்டு லென்ஸ் இரண்டும் வெள்ளையாக மூடியிருந்தன. அக்கா துடைக்கக் கையைத் தூக்கவில்லை. அப்படியே என் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டிருந்தாள். ஓரத்திலிருந்து வெண்மை மெல்ல விலகியது. முதலில் இமை தெரிந்தது, பிறகு ஈரமான ஒரு கண், பிறகு இன்னொன்று. என் விரல்கள் இன்னும் அவள் காதுகளுக்குப் பின்னால் இருந்தன.