அம்மா கேட்ட மணிக்கணக்கு

ரொறொன்ரோவின் வெக்ஸ்போர்ட்டில் இருபத்தொரு வருடமாக விமான ரிக்கற் போட்டுக் கொடுக்கிறேன். கல்யாண வீட்டுக்குப் போகிறவர்கள் என்னிடம் விலை கேட்பார்கள். செத்த வீட்டுக்குப் போகிறவர்கள் நேரத்தைத்தான் கேட்பார்கள். ரொறொன்ரோவிலிருந்து கொழும்புக்குப் பதினாலாயிரம் கிலோமீற்றர். நடுவில் ஒரு விமானம் மாறி, இருபத்திரண்டு மணித்தியாலம். பிறகு யாழ்ப்பாணத்துக்கு வாகனத்தில் ஏழெட்டு. நித்திரையில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன்.

வியாழன் காலை பதினொரு மணிக்கு பக்கத்து ஊர் அஜக்ஸிலிருந்து, தெரிந்த பெடியன் ஸ்ரீதரன் போன் எடுத்தான். யாழ்ப்பாணத்தில், ஆஸ்பத்திரியில் கிடந்த தகப்பன் காலமாகிவிட்டாராம். இவன் ஒரே மகன், கொள்ளி வைக்க வேண்டியவன். வருவதென்றால் சனி பின்னேரம் வரை உடலை வைத்திருப்பார்கள். இல்லையென்றால் நாளைக்கே எடுத்துவிடுவார்கள்.

அன்றிரவு எட்டு மணி விமானத்தில் ஒரேயொரு சீற் கிடந்தது. சனி மத்தியானத்துக்கு முதல் வீட்டு வாசலில் நிற்கலாம் என்றேன். இப்படி ஒரு சீற் அகப்பட்டால் சனம் அழுதழுது நன்றி சொல்லும். இவன் வேறொன்று கேட்டான்.

“கிளடிஸ் அன்ரி, சீற் இல்லையெண்டு அம்மாவுக்கு நீங்கள் ஒருக்கா சொல்லுவீங்களே?”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நல்லாய் நாலு ஏச்சுக் கொடுக்க வாயெடுத்தேன். அதற்குள் அவன் அழத் தொடங்கிவிட்டான். தன் கல்யாண விஷயத்தில் கோபித்து, பதினொரு வருடமாகத் தகப்பனும் மகனும் கதைக்கவில்லையாம். உயிரோடு இருக்கும்போது கதைக்காத மனிதருக்கு எந்த முகத்தோடு கொள்ளி வைப்பது என்று கேட்டான். பாவம் பார்த்தேன். அதுதான் நான் விட்ட பிழை.

தாயையும் அதே அழைப்பில் சேர்த்துவிட்டான். நான் பொய்யைச் சொன்னேன். இந்தக் கிழமை முழுக்க ஒரு சீற்றும் இல்லை, அம்மா. பூசையில் செபம் சொல்லுகிற வாயால் தடுமாறாமல் சொன்னேன்.

அந்த மனுசி அழவில்லை. தம்பி என்ன செய்வான், பாவம் என்று மகனுக்காகச் சொன்னார். அவரின் தமையன் வழிப் பெறாமகன் ஒருவர் நிற்கிறார், அவரைக் கொள்ளி வைக்கச் சொல்கிறேன் என்றார். எனக்கு நெஞ்சு கொஞ்சம் ஆறியது. போனை வைக்கப் போகிறார் என்று நினைத்தேன்.

“பிள்ளை, சீற் இருந்தால் கனடாவிலையிருந்து எங்கடை வீட்டுக்கு வர எத்தினை மணித்தியாலம்?”

எதற்கு அம்மா இப்போது அது என்றேன்.

“அவர் கடைசி வரைக்கும் அதைத்தான் கேட்டவர். எனக்குச் சொல்லத் தெரியேல்லை.”

ஸ்ரீதரனும் அழைப்பில் கேட்டுக்கொண்டிருந்தான். இதில் ஏன் பொய் என்று, முப்பது மணித்தியாலம் அம்மா என்றேன்.

அவர் வாய்க்குள் கணக்குப் பார்த்தது கேட்டது.

“ஒண்டேகால் நாள்தானே,” என்றார். “அவர் ஆஸ்பத்திரியிலை ஆறு நாள் கிடந்தவர், பிள்ளை. முதல் நாளே தம்பிக்குச் சொன்னனான்.”

போனை வைத்துவிட்டார். ஸ்ரீதரன் வைக்கவில்லை. என் கணினியில் அந்த எட்டு மணிச் சீற் இன்னும் அப்படியே கிடந்தது. அதைப் போடச் சொல்லி அவன் கேட்கவில்லை. போடட்டே என்று நானும் கேட்கவில்லை.