மூடாத கிணறு

இரண்டு குடியிருப்புகளையும் ஒரே தொட்டியின் குடிநீர்க் குழாயில் இணைத்த பிறகும் என் மகளுக்கு வயிற்றுப்போக்கு நிற்கவில்லை. நான் ஆபரேட்டராகப் பார்த்துக்கொள்ளும் அந்தத் தொட்டியின் தண்ணீரில் சோதனைச் சொட்டு விட்டால் மஞ்சளாகும். குளோரின் இருக்கிறது என்று அர்த்தம். வீட்டுக் குழாயிலோ நிறமே வரவில்லை. வழியில் குளோரின் எங்கே போகிறது?

குழாயைப் பின்பற்றியே நடந்தேன். முன்பு எங்கள் குடியிருப்புக்குத் தண்ணீர் தந்த அண்ணனின் கிணற்றில் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. கழிவுநீர் கசிந்ததால் மூடிவிட்டேன் என்று என் தலையிலடித்து அவன் சத்தியம் செய்த கிணறு! அதன் அழுத்தம் தொட்டிநீரைத் தடுத்து, கிணற்றுநீரைக் குழாய்க்குள் தள்ளியது.

"என்னண்ணே இது?"

"ஊருக்கே தண்ணி விட்டவன் நான். இனி உங்கிட்ட கையேந்தணுமா, ஆபரேட்டரம்மா?"

"உன் மருமகதாண்ணே இதைக் குடிக்கிறா."

அவன் சுவிட்சை விட்டு விலகி நின்றான்.

மோட்டாரை நிறுத்தி, கிணற்றுக் குழாயை அறுத்து, இரு முனைகளையும் மூடியிட்டு அடைத்தேன். மறுநாள் வீட்டுத் தண்ணீரில் சொட்டு விட்டேன்; மஞ்சளானது.