ஜுகேரன் கடை மிளகாய்க் குப்பி

காபிரா குடியை விட்டு மூன்று வருஷம் ஆகிறது என்று இதோமான் துறைமுகத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். சொல்லாமல் எங்கே போவார்கள், அவரே எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தார். படகு எஞ்சினைப் பிரித்துப் போட்டுக்கொண்டே சொல்வார். மீன் ஏலத்தில், கேட்காதவனைக் கூப்பிட்டு நிறுத்திச் சொல்வார். போன வாரம் போனில் பெண்டாட்டியிடமும் சொன்னார். அவள், "சரி, வர்றேன்" என்றாள்.

ஷிசுயே இவருடைய குடி தாங்காமல் இஷிகாகித் தீவில் தங்கை வீட்டோடு போய் இருந்தவள். போகும்போது சண்டை போடவில்லை. அரிசி எங்கே இருக்கிறது, அடுப்பை எப்படி அணைப்பது என்று நிதானமாகச் சொல்லிக்கொடுத்துவிட்டுப் போனாள். சண்டை போட்டவளைச் சமாதானம் பண்ணலாம். அரிசி இருக்கும் இடத்தைக் காட்டிவிட்டுப் போகிறவளை என்ன பண்ணுவது? குடியை விட்டால் திரும்பி வருவேன் என்றாள், அவ்வளவுதான்.

இன்று பெட்டியோடு விமானத்தில் வந்து இறங்கினாள். காபிரா தன் குட்டி லாரியில் ஏற்றிக்கொண்டு நேரே ஜுகேரனின் நூடுல்ஸ் கடைக்கு விட்டார். வீட்டைப் பெருக்கித் துடைத்துத்தான் வைத்திருந்தார். ஆனால் வீட்டில் இரண்டு பேரும் எதிரும் புதிருமாக உட்கார்ந்து என்னத்தைப் பேசுவது? கடையென்றால் நாலு பேர் இருப்பார்கள். டிவியில் பள்ளிக்கூடப் பையன்களின் பேஸ்பால் ஓடும்.

கடையில் கூட்டமில்லை. ஒரு டாக்ஸி ஓட்டுநர் மட்டும் டிவியைப் பார்த்தபடி நூடுல்ஸை உறிஞ்சிக்கொண்டிருந்தார். காபிரா வழக்கமான ஜன்னலோர மேஜையில் உட்கார்ந்தார். ஷிசுயே பக்கத்து நாற்காலியில் பெட்டியை வைத்தாள். காபிரா அந்தப் பெட்டியைப் பார்த்துப் பார்த்துச் சந்தோஷப்பட்டார். பெரிய பெட்டி. இரண்டு நாளைக்கு வருகிறவள் இவ்வளவு பெரிதாகக் கொண்டுவர மாட்டாள்.

"வாங்க அண்ணி, இளைச்சுட்டீங்களே" என்றபடி ஜுகேரன் இரண்டு கிண்ணங்களைக் கொண்டுவந்து வைத்தார்.

"நீ பெருத்துட்ட" என்றாள் ஷிசுயே.

தடித்த நூடுல்ஸின்மேல் பன்றி வயிற்றுக் கறி மூன்று துண்டு, சிவப்பு இஞ்சி, வெங்காயத் தாள். காபிராவின் கை குச்சிகளுக்குப் போவதற்கு முன்னால் மேஜைமேல் இருந்த மிளகாய்க் குப்பிக்குப் போனது. எல்லா நூடுல்ஸ் கடையிலும் இருப்பதுதான். குட்டி மிளகாய்களைக் குப்பியில் போட்டு, அவாமோரிச் சாராயத்தை ஊற்றி ஊறவைத்திருப்பார்கள். மற்றவர்கள் இரண்டு சொட்டு விடுவார்கள். காபிரா கிண்ணத்தைச் சுற்றி ஒரு வட்டம் விட்டார், திருப்பி ஒரு வட்டம் விட்டார், நடுவில் கொஞ்சம் நின்று ஊற்றினார். பிறகு குனிந்து நாலு வாய் நிம்மதியாகச் சாப்பிட்டார்.

நிமிர்ந்தால், ஷிசுயே குச்சியைக் கீழே வைத்திருந்தாள். "என்னங்க அது?"

"மிளகாய்த் தண்ணி."

"வாசனை தண்ணி வாசனையா இல்லையே."

"எல்லா மேஜையிலயும்தான் இருக்கு."

டாக்ஸிக்காரர் திரும்பினார். "அது மசாலாதான் அக்கா. சாராயத்துல சேராது. எங்கப்பாகூட டாக்டர் குடிக்கக் கூடாதுன்னப்புறமும் இதை மட்டும் விடல."

"அப்பா எப்படி இருக்காரு?"

"போயிட்டாரு."

"நீங்க இதை இப்படி ஊத்திக்கிட்டு வண்டி ஓட்டுவீங்களா? போலீஸ்காரன் ஊதச் சொன்னா?"

டாக்ஸிக்காரர் பேஸ்பாலுக்குத் திரும்பிவிட்டார்.

ஷிசுயே குப்பியை எடுத்து உள்ளங்கையில் கொஞ்சம் விட்டு நக்கிப் பார்த்தாள். அவள் முகத்தைச் சுளிப்பாள், தண்ணீர் கேட்பாள் என்று காபிரா காத்திருந்தார். அவள் கேட்கவில்லை. இன்னும் கொஞ்சம் விட்டு நக்கினாள். "காரமே இல்ல" என்றாள். குப்பியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். அடியில் கிடந்த மிளகாய்கள் சாயம் போய் வெளுத்திருந்தன.

ஜுகேரனுக்குக் கடையின் மானம் போகிறதே என்று பதற்றம். "மிளகாய் பழசு அண்ணி. புதுசு போடுறேன்னு எத்தனையோ வாட்டி சொன்னேன். அண்ணன்தான் வேணாம்னாரு. காரம் வயித்துக்கு ஆகலையாம். சாராயத்தை மட்டும் ஊத்தி நிரப்பி வைன்னாரு. மத்த மேஜைல எல்லாம் நல்ல காரம், வேணும்னா பாருங்க. இது ஒண்ணுதான் அண்ணன் குப்பி."

சொல்லி முடித்த பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்பது ஜுகேரனுக்கு உறைத்தது. துண்டை எடுத்து, துடைத்த மேஜையையே மறுபடி துடைத்தார்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறோம். இந்த மனுஷன் சாராயத்தை நூடுல்ஸில் மறைத்திருந்தார், அதுவும் தன்னிடமிருந்தே. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு உலகம் கொஞ்சம் நல்ல இடமாகத் தெரிவது ஜுகேரனின் எலும்புச் சாற்றின் மகிமை என்று நம்பியிருந்தார். கடை விடுமுறை நாளில் கை நடுங்கினால், வயசாகிறது என்று நினைத்துக்கொண்டார். அப்படியும் மூடிய கடை வாசலில் இரண்டு நடை நடந்துவிட்டுத்தான் வீடு திரும்புவார். பூனை கண்ணை மூடிக்கொண்டால் எல்லாம் இருட்டுதான்.

ஷிசுயேயின் கை பெட்டியின் பிடிமேல் இருந்தது.

ஜுகேரன் நல்ல மனசுக்காரர். "அண்ணனுக்கு இது தெரிஞ்சிருக்காது அண்ணி. தெரியாமச் செஞ்சதுதான். இல்லண்ணே?" என்றார்.

தலையை ஆட்டினால் போதும். டாக்ஸிக்காரர்கூட டிவியைப் பார்த்தபடியே ஆமாம் என்று முனகினார். ஷிசுயேயும் காத்திருந்தாள்.

"தெரியும்" என்றார் காபிரா.

கிண்ணத்தைத் தள்ளி வைத்தார்.

"மொதல்ல தெரியாது. அப்புறம் லேசாத் தெரியும். மிளகாய் வேணாம்னு சொன்ன அன்னைக்கு நல்லாவே தெரியும்."

ஷிசுயே அவரை வெகுநேரம் பார்த்தாள். "கல்யாணமானதுலேருந்து ஒரு நாளாவது இப்படி ஒத்துக்கிட்டிருக்கீங்களா?"

"இல்ல."

"இல்லதான்" என்றாள். ஜுகேரனிடம் திரும்பி, "இன்னொரு கிண்ணம் கொண்டா. குப்பியை எடுத்துட்டுப் போயிடு" என்றாள்.

புதுக் கிண்ணம் வந்தது. காபிரா வெறும் சாற்றை ஒரு வாய் குடித்தார். வாய்க்குள் வைத்திருந்து விழுங்கினார்.

"எப்படி இருக்கு?"

"தெரியல."

"தெரியலன்னா?"

"நெசமாவே தெரியல. ஒண்ணுமே இல்லாத மாதிரி இருக்கு."

இது ஜுகேரனைச் சுட்டுவிட்டது. "ஒண்ணுமில்லையா? விடியக்காலைல எந்திரிச்சு எலும்பு வேகவைக்கிறேன் அண்ணே. தினம் கும்பிடாத குறையா, பிரமாதம்டா பிரமாதம்டான்னு சொல்லிட்டுப் போவீங்களே, அது எதைச் சொன்னீங்க?"

"மன்னிச்சுக்கடா" என்றார் காபிரா. ஜுகேரன் அடுப்புப் பக்கம் போய்ப் பாத்திரங்களைத் தேவைக்கு மேல் சத்தமாக அடுக்கினார்.

ஷிசுயே தன் கிண்ணத்தைக் கடைசி நூடுல்ஸ் வரை சாப்பிட்டு முடித்தாள். வாயைத் துடைத்தாள். "நான் துறைமுகத்துப் பக்கம் லாட்ஜ்ல தங்கிக்கிறேன். நாளைக்கு மத்தியானம் இங்க சாப்பிட வருவேன். நீங்களும் வாங்க."

"வீட்டுக்கு?"

"இந்தச் சாறு எப்படி இருக்குன்னு என்னைக்குச் சொல்லத் தெரியுதோ, அன்னைக்குப் பேசிக்கலாம்."

"தெரியாமலே போயிட்டா?"

"எனக்குத் திரும்பிப் போறதுக்கும் டிக்கெட் இருக்கு" என்றாள். "லாரிச் சாவியைக் குடுங்க. நீங்க நடந்து போங்க."

சாவியைக் கொடுத்தார். பெட்டியைத் தூக்க எழுந்தார். அவளே தூக்கிக்கொண்டாள். லாரி கிளம்பித் தெருமுனையில் திரும்புகிற சத்தம் கேட்டது.

காபிரா மறுபடி உட்கார்ந்து இன்னொரு வாய் குடித்தார். பிறகு இன்னொரு வாய். உப்பு தெரிந்தது. அதற்குப் பின்னால் ஏதோ இருப்பது போலவும் இருந்தது, இல்லாதது போலவும் இருந்தது. கிண்ணத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு தேடித் தேடிக் குடித்தார். கண்ணில் நீர் கொட்டியது. காரம் என்று சொல்லிக்கொள்ள அதில் ஒன்றும் இல்லை.

ஜுகேரன் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தார். பிறகு டிவியின் சத்தத்தைக் கூட்டி வைத்தார்.